வெயிலில் இருபது பெட்டி

கிழக்கு வெளுக்கும் நேரத்தில், திருத்தணிச் சாலையில், டிரெய்லரின் இடது டயர் வெடித்தது. ஜெரால்ட் ஜீப்பை ஓரங்கட்டி இறங்கினான். ரப்பர் நார்நாராகத் தொங்கியது. ஜீப்பின் ஸ்டெப்னியை உருட்டி வந்து வைத்துப் பார்த்தான். அதற்கு ஐந்து துளை. டிரெய்லருக்கு நாலு போல்ட். இதற்கென்று தனிச் சக்கரம் ஒன்று வாங்கி வையுங்கள் என்று அவன் மனைவி ப்ளெஸ்ஸி எத்தனையோ முறை சொல்லியிருந்தாள். இப்போது அவளும் இறங்கி வந்து சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்தாள். அதுதான் அவனை அதிகம் குத்தியது.

டிரெய்லரில் இருபது தேனீப் பெட்டிகள். ஒற்றைப் பெட்டியில் தொடங்கி இருவரும் பெருக்கியவை. பெட்டிகள் இருந்த மணவூரில் பூ ஓய்ந்துவிட்டது. புத்தூர்ப் பக்கம் சூரியகாந்தி மலர்ந்திருந்தது. இருட்டிலேயே வாசல்களைக் கம்பிவலையால் அடைத்து, வெயில் ஏறும்முன் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். அடைத்த பெட்டி வெயிலில் நின்றால் உள்ளேயே வெந்து சாகும்.

திருத்தணியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் குமரேசனுக்குப் போன் போட்டான்.

“மலைப்படியில நின்னுகினு கீறேன் நைனா. தோள்ல காவடி. போனைக்கூட பக்கத்துல வர்றவன்தான் காதுல புடிச்சிகினு கீறான். எறங்க மத்தியானம் ஆயிடும்.”

வேறு கடை ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, ஆடிக் கிருத்திகை அன்றைக்கு எவன் கடை திறப்பான் என்று சிரித்தான்.

சூரியன் ஏறுவதற்குள் சாலை முழுக்க ஜனம். மஞ்சள் வேட்டி, பூக்காவடி, இடுப்பில் குழந்தை. ஜீப்பை அசைக்கவும் இடமில்லை. கண்ணுக்கு எட்டியவரை மரமும் இல்லை. டிரெய்லரின் நிழல்தான் ஒரே நிழல். நடந்து களைத்தவர்கள் அதில் வந்து உட்கார்ந்தார்கள். மேலே இருப்பது தேனீ என்று ஜெரால்ட் சொன்னதும் பாவம், எழுந்து போனார்கள். அடுத்த கூட்டம் வந்து அதே இடத்தில் துண்டை விரித்தது. மூன்றாவது கூட்டத்திடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

பெட்டிகளின் இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. இரைச்சல் இருக்கும்வரை உயிர் இருக்கிறது. சிறகடித்துத் தங்களுக்குத் தாங்களே விசிறிக்கொள்கின்றன. கேனில் இருந்த தண்ணீரையெல்லாம் சாக்குகளில் ஊற்றிப் போர்த்தினார்கள். ஒரு காவடிக்காரர் தன் பாட்டில் தண்ணீரையும் கொடுத்துவிட்டு, உள்ளே என்ன மிஷினா ஓடுகிறது என்று விசாரித்தார். ஆங் என்றான் ஜெரால்ட்.

“தொறந்து வுட்டுரலாங்க. பறந்தாச்சும் பொழைக்கும்,” என்றாள் ப்ளெஸ்ஸி.

“எங்க போவும்? நேரா அந்தப் பூக்காவடிமேலதான் போய் உக்காரும். கீழ பாரு, எத்தினி புள்ளைங்க.”

அவள் வலையின் ஆணியில் கை வைத்தாள். அவன் தடுக்கவில்லை. சக்கரத்தருகே ஒரு கைக்குழந்தை தூக்கத்தில் சிணுங்கியது. கையை அவளே எடுத்துக்கொண்டாள்.

உச்சிப் பொழுதுக்கு முன்பே மேல்வரிசையில் ஒரு பெட்டியின் இரைச்சல் அடங்கியது. மெழுகு உருகி, அடிப்பலகை இடுக்கு வழியே தேன் சொட்டியது. நிழலில் இருந்த ஒரு சிறுமி உள்ளங்கையில் ஏந்தி நக்கினாள். கண்கள் விரிய, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

ப்ளெஸ்ஸி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெரால்ட் அடுத்த பெட்டியில் காதை வைத்தான்.