கெளுத்தியின் வலி

1998 கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்க நகருக்கு அருகே ஏரிக்கரையில், வாஞ்சிநாதன் தான் பிடித்த கெளுத்தி மீனை உயிரோடு பலகையில் வைத்துத் தலையில் ஆணி அடித்தான். பிறகு குறடால் தோலைப் பற்றி இழுத்தான். மீன் வாலை அடித்துத் துடித்தது.

அவன் மனைவி ஷ்யாமளா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மீன்களின் நரம்பு மண்டலத்தை ஆராய்பவள்.

“முதல்ல கொன்னுடுங்க. அப்புறமா உரிங்க,” என்றாள்.

“மீனுக்கு ஏதுடி வலி?”

“அதோட மூளையிலயும் தண்டுவடத்துலயும் ஓபியாய்டு ரிசெப்டர் இருக்கு. வலியை அடக்கற மார்ஃபின் போய் ஒட்டிக்கிற இடம். நமக்கு இருக்கற மாதிரியே. நானே சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்புல பாத்திருக்கேன். வலியே இல்லாததுக்கு அது எதுக்கு?”

அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு பட்டை தோலைக் கிழித்தான். ஷ்யாமளா சுத்தியலை எடுத்தாள். அவன் அவளை ஓங்கி அறைந்தான். முன்பும் அறைந்திருக்கிறான், வீட்டுக்குள். உதடு கிழிந்து ரத்தம் வழிய, அவள் மீனின் மண்டையில் ஒரே போடாகப் போட்டாள். மீன் அடங்கியது.

அவன் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். அவனுடைய மறுகை பலகைமேல் ஊன்றியிருந்தது. அதன்மேல் சுத்தியலை இறக்கினாள். எலும்பு நொறுங்கியது.

எமர்ஜென்சிக்கு அவளே காரை ஓட்டினாள். வழியெல்லாம் அவன் அலறினான். நர்ஸ் விசாரித்தபோது, சுத்தியல் தவறிவிட்டது என்று முனகினான்.

“இல்லை, நான்தான் அடித்தேன்,” என்றாள் ஷ்யாமளா ஆங்கிலத்தில்.

நர்ஸ் அவள் உதட்டைப் பார்த்தாள். அவளைத் தனியே அழைத்துப்போய், “போலீஸைக் கூப்பிடட்டுமா?” என்று கேட்டாள்.

“கூப்பிடுங்கள். நான் செய்ததையும் அவர் செய்ததையும் சொல்கிறேன்.”