மஞ்சள் கார் குடித்த ஆயில்

எங்கள் தெருவில் மஞ்சள் கார் ஒரு லிட்டர் ஆயிலைக் குடித்து முடிக்கும்போதெல்லாம், துருப்பிடித்து இறுகிப்போன ஏதாவது ஒன்று தானாகத் திறந்துகொண்டது. முதலில் திறந்தது தையல்காரர் கடையின் ஷட்டர். அதைத் தூக்குவதற்கு அவரும் அவர் மச்சானும் வருஷக்கணக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டியவர்கள். அன்று ஒற்றை விரலால் தொட்டார், விர்ரென்று மேலே போய்விட்டது, போகிற போக்கில் அவருடைய மூக்குக்கண்ணாடியையும் தட்டிவிட்டுப் போனது. அடுத்தது பள்ளிக்கூடத்தின் பின்பக்க கேட். அதற்கும் அடுத்த வாரம், சொத்துத் தகராறில் முகம் பார்க்காமல் இருந்த அண்ணன் தம்பி இருவர் தெருக்குழாயடியில் நின்று மழை வருமா வராதா என்று பேச ஆரம்பித்தார்கள். அதற்கும் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். அன்றைக்கும் கார் குடித்திருந்தது, அவ்வளவுதான் தெரியும்.

காரின் சொந்தக்காரியை நாங்கள் டர்போக்காரி என்றே கூப்பிடுவோம். தெருக்கோடியில் அவளுடைய பட்டறை. வெளியேறுகிற புகையின் வேகத்திலேயே ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு, அது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும்படி செய்வதுதான் டர்போ. அதை மாட்டி, சாதுவான காரையெல்லாம் பேய் பிடித்ததாக மாற்றித் தருவாள். மஞ்சள் காரை மட்டும் அவள் தன் வீட்டுக்காரருக்காகச் செய்தாள். மனுஷன் ஒருகாலத்தில் மலையேற்றப் பந்தயத்தில் சூரர். ஒவ்வொரு காராக மேலே போகும், கடிகாரம்தான் எதிரி, அந்தக் கடிகாரத்தை அவர் அழவைப்பார். ஒரு வருஷம் அவருக்கு முன்னால் போன டர்போ கார் ஒன்று வளைவில் ஆயிலைக் கக்கிவிட்டுப் போக, அதில் வழுக்கி உருண்டார். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கியர் போடுகிற கையின் விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. பார்க்காத வைத்தியம் இல்லை. இன்னும் ஒரே ஒரு தடவை அந்த மலையில் தன் கையால் கியர் மாற்ற வேண்டும், அதற்கப்புறம் எது போனாலும் போகட்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. பெண்டாட்டிக்குத் தெரியாதா என்ன?

டர்போ இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிப்பது உலக வழக்கம்தான். அமுக்கம் கூடக்கூட, பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிற காற்று ஆயில் ஆவியையும் சேர்த்துக் கிளப்பிக்கொண்டு மறுபடி இன்ஜினுக்குள்ளேயே போய் எரியும். எரிந்தால் பின்னால் நீலப்புகை வர வேண்டும். மஞ்சள் காரில் புகையும் இல்லை, தரையில் ஒரு சொட்டும் இல்லை, ஆயில் மட்டும் மாயமாகிக்கொண்டிருந்தது. டர்போக்காரி இன்ஜினைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். அவளுடைய மாமியார் வாசலில் நின்று, “குடிக்கிறவன்னா கொஞ்சமாவது தள்ளாடணும். இது என்னடா, குடிச்சிட்டு நேரா ஓடுது!” என்று ஆச்சரியப்பட்டார். காருக்கும் ஷட்டருக்கும் முடிச்சுப் போட்டுத் தெரு முழுக்கச் சொன்னவர் தையல்காரர்தான். அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? “என்னக்கா, இன்னிக்கு வண்டி எடுக்கலையா? எங்க வீட்டு பீரோ ஒரு வாரமா தெறக்க மாட்டேங்குது” என்று சனம் பட்டறை வாசலில் வந்து நின்றது.

ஒரு நாள் காலையில் அவள் காரை விரட்டு விரட்டென்று விரட்டிவிட்டு வந்து ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினாள். ஒரு லிட்டர் காலி. சமையலறையில் தட்டு விழும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், வீட்டுக்காரர் தன் சுண்டுவிரலை நீட்டி வைத்துக்கொண்டு, அது வேறு யாருடையதோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவள் சாப்பிடவே இல்லை. திரும்பவும் காரில் ஏறினாள். அந்த மாதம் மோதிர விரலும் நிமிர்ந்தது, நடுவிரல் பாதி நிமிர்ந்தது. அவர் வெறும் நாற்காலியில் உட்கார்ந்து காற்றில் கியர் போட்டுப் பார்த்தார். அம்மாடி, அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கக் கண் இரண்டு போதாது!

அந்த வருஷத்து மலைப் பந்தயத்துக்கு அவர் பெயரும் கொடுத்தாயிற்று. அதற்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் இடி விழுந்தது. விரல் நிமிர்ந்த சந்தோஷத்தில் இருவரும் மறந்தே போயிருந்த சட்டம் ஒன்று: மலையில் ஏறும் டர்போ கார் எதுவானாலும் கேட்ச் கேன் மாட்டியிருக்க வேண்டும். அந்த ஆயில் ஆவியை நடுவழியில் பிடித்து வைக்கிற டப்பா அது, மாட்டினால் காருக்குக் குடிக்க ஒன்றும் மிஞ்சாது. அதில்லாமல் பரிசோதகர் காரைத் தொடக்கக் கோட்டுப் பக்கமே விடமாட்டார். அந்தச் சட்டம் வந்ததே வீட்டுக்காரர் உருண்ட பிறகுதான். கட்டுப்போட்ட கையோடு கமிட்டி முன்னால் நின்று, இதைச் சட்டமாக்குங்கள் என்று சண்டை போட்டவரும் அவரேதான்.

“பேசிப் பாக்கலாங்க. நம்ம வண்டி கீழ ஒரு சொட்டு விடாதுன்னு காட்டலாம்” என்றாள் டர்போக்காரி.

“என் கை போனதுக்கு வந்த சட்டம். நானே மீறினா எந்த மூஞ்சிய வெச்சுகிட்டு அங்க நிப்பேன்? மாட்டு.”

மாட்டினாள். டர்போ பட்டறைக்காரர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு: பந்தயத்தன்று பானெட்டைத் திறந்தால் உள்ளே கல்யாண மண்டபம்போல் இருக்க வேண்டும். அவளுக்கும் அந்த வியாதி இருந்தது. டப்பாவுக்குப் போகிற ஹோஸ் கட்டை விரல் தடிமன் இருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள், அழகுக்காகப் பென்சில் தடிமனில் பளபளவென்று ஒரு வெள்ளிப் பின்னல் ஹோஸை மாட்டி வைத்தாள். தெருவுக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது டப்பா சமத்தாக ஆயிலைப் பிடித்தது. அவள் அதை அப்படியே திருப்பி இன்ஜினில் ஊற்றினாள். கார் குடிப்பதை நிறுத்திவிட்டது. மறுநாளே தையல்காரர் ஷட்டருக்குள் மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து கத்தினார். அண்ணன் தம்பி பேச்சு நின்றது. பந்தயத்தன்று காலையில் வீட்டுக்காரரின் விரல்கள் ஐந்தும் பழையபடி மூடியிருந்தன.

தெருவே மலையடிவாரத்துக்கு வந்திருந்தது, பாதிப்பேர் கதவு திறக்காமல் ஜன்னல் வழியாகக் குதித்து வந்தவர்கள். பரிசோதகர் பானெட்டைத் திறந்து பார்த்து, ஹோஸின் அழகில் மயங்கி முத்திரை குத்தினார். வீட்டுக்காரர் உள்ளே உட்கார்ந்தார். மூடிய கையைக் கியர்மேல் வைத்தார், அழுத்தினார், முழங்கையால் தள்ளிப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கி, ஹெல்மெட்டை அவளிடம் நீட்டினார்.

“நீ போ.”

“உங்களுக்குன்னு செஞ்ச வண்டிங்க இது.”

“செஞ்சவளுக்கு ஓட்டத் தெரியாதா? போ, அழாத. கண்ணுல தண்ணி நின்னா வளைவு தெரியாது.”

போனாளே பாருங்கள், அப்படி ஒரு போக்கு! முதல் வளைவில் டயர் அலறியது, இரண்டாவது வளைவில் நாங்கள் அலறினோம். மூன்றாவது வளைவு தாண்டி நேர்ப்பாதையில் அவள் மிதித்த மிதிக்கு, உள்ளே ஏறிய அமுக்கம் அந்தப் பென்சில் ஹோஸ் வழியாக மூச்சுவிட முடியாமல் திணறி, ஆயில் அளவுக் கம்பியைப் பீரங்கிக் குண்டுபோல் பிடுங்கி எறிந்தது. இன்ஜினில் இருந்த ஆயில் மொத்தமும் அந்த ஓட்டை வழியாக ஒரே மூச்சில் வெளியே போயிற்று. இன்ஜின் இறுகப்போகிற சத்தத்தை அவள் காது முன்கூட்டியே கேட்டது. கிளட்சை மிதித்தாள். வந்த வேகத்தின் பலத்திலேயே கார் முடிவுக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. அதற்கப்புறம் அந்த இன்ஜின் அசையவில்லை, ஒரே இரும்புக் கட்டியாகிவிட்டது.

பரிசோதகரின் ஆட்கள் வெள்ளைத்துணியால் சாலையைத் துடைத்துக்கொண்டே மேலே ஏறினார்கள். துணி வெள்ளையாகவே இருந்தது. “இவ்ளோ ஆயிலும் எங்கம்மா போச்சு?” என்று கேட்டார் பரிசோதகர். அவள் அதற்குள் கீழ்ப்பக்கம் திரும்பிவிட்டாள். கீழேயிருந்து வீட்டுக்காரர் ஓடிவந்துகொண்டிருந்தார், இரண்டு கைகளையும் தட்டிக்கொண்டே. தட்டுகிற சத்தம் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தது.

“என் ரெக்கார்டையே ஒடச்சிட்டியேடி!” என்று அந்தக் கையாலேயே அவள் கன்னத்தைப் பிடித்தார். அவள் அந்தக் கையை விடாமல், ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்கி, நீட்டி, மடக்கிப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

செத்துப்போன காரைக் கீழே இறக்க இழுவை லாரி வந்தது. வீட்டுக்காரர் லாரிக்காரரிடம் என்ன சொன்னாரோ, லாரிக்காரர் இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்காரர் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார், டர்போக்காரி பக்கத்து இருக்கையில் ஏறினாள். இரண்டாவது கியரிலேயே மெல்ல இறங்க வேண்டிய சரிவு அது. அவரோ இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று அந்த மலை முழுக்க மாற்றிக்கொண்டே வந்தார்.

“போதுங்க, அடுத்தவர் வண்டி. கியரெல்லாம் தேஞ்சிடப் போகுது.”

“தேயட்டும்” என்று சொல்லி மூன்றைப் போட்டார்.