காரமில்லாத சிவப்பு

“அத்தை, அந்தச் சட்டியக் கழுவிடாதீங்க.”

அப்பாவின் அக்கா நாரும் கையுமாக நின்றாள். கூடத்தில் தம்பியின் உடம்பு கிடக்கிறது, வண்டி வரப்போகிறது, இவளுக்கு நேற்றைய உருளைக்கிழங்குச் சட்டி மேல் என்ன கரிசனமோ என்று அவள் நினைத்திருக்கலாம்.

மகளுக்கோ விடிந்ததிலிருந்து அந்தச் சட்டி மேலேயே நினைப்பு. மெக்கானிக்காக இருந்து ஓய்ந்த அப்பாவுக்குக் குடலில் புண். காரமே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனிதர் சோற்றை விட்டாலும் விடுவார், காரத்தை விடமாட்டார். அதனால் மிளகாய்த்தூள் டப்பாவில் பாப்ரிகா என்ற வெளிநாட்டு மிளகாய்ப் பொடியைக் கொட்டி வைத்தாள். நல்ல சிவப்பு, லேசான இனிப்பு, காரம் பெயருக்குத்தான். அடுப்பை அணைத்த பிறகே தூவுவாள். சூட்டில் போட்டால் கருகிக் கசந்துவிடும். அப்பா சாப்பிட்டுவிட்டு “உஸ்... உஸ்...” என்று தண்ணீர் கேட்பார். இவள் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள்.

நேற்று, விருந்தாளியாக வந்திருந்த அத்தை தன் முட்டைக்காக அசல் மிளகாய்த்தூளைத் தேடி எடுத்திருந்தாள். அதே மாதிரி டப்பா. இரண்டும் அடுப்போரம் திறந்து கிடந்தன. வேலைக்கு ஓடும் அவசரத்தில் அப்பாவின் உருளைக்கிழங்கில் எதைத் தூவினோம்? ருசி பார்க்கக்கூட நேரமில்லை. தூக்கத்தில் இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை.

சட்டியை வாங்கி, ஒட்டியிருந்த மசாலாவை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக் காத்திருந்தாள். எரியவில்லை. இன்னொரு முறை வழித்தாள். இனித்தது. அப்பாடா என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தையிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

“அவனுக்குத் தெரியும்டி,” என்றாள் அத்தை.

“என்ன தெரியும்?”

“நேத்து என் முட்டையில மிளகாய்த்தூளப் போட்டதும் தும்முனான். ‘தும்மி எவ்வளவு நாளாச்சுக்கா, புள்ள போடுறதுக்குத் தும்மலே வராது’ன்னு சிரிச்சான்.”

“அப்போ அந்த உஸ்?”

“‘அவ்வளவு கஷ்டப்பட்டு ஏமாத்துறா, நான் ஏமாறலேன்னா நல்லாவா இருக்கும்’னான். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கிட்டான்.”

வாசலில் வண்டி வந்து நின்றது. கூடத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். மகள் எழவில்லை. சட்டியில் மிச்சமிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணும் மூக்கும் வழிந்தன.

“உஸ்...” என்றாள்.

அத்தை ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள்.