நீல டிரம்மின் அடியில்

அக்காவுக்கு இது ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. அத்தான் வெளியூர் வேலையில் இருந்ததால் எங்களோடுதான் இருந்தாள். கடைக் கீரையில் மருந்தடிக்கிறார்கள், என் பெண் அதைத் தின்னக் கூடாது என்று அம்மா முடிவெடுத்தாள். மொட்டை மாடியில் ஒரு நீல டிரம் வந்தது, பக்கத்தில் வரிசையாகத் தொட்டிகள் வந்தன. டிரம்மில் உரம், தொட்டியில் கீரை, அக்கா வயிற்றில் பிள்ளை. இதுதான் அம்மா போட்ட பாதை.

டிரம்முக்குத் தீனி அம்மாவின் அலுவலகத்திலிருந்து வந்தது. அங்கே டீ கொடுப்பது அவள் வேலை. எல்லாரும் குடித்துவிட்டு எறிகிற டீ பேக்குகளை ஒரு மூடி வாளியில் சேர்த்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். மேனேஜர் அவளை எல்லார் முன்னாலும் நிறுத்திக் கைதட்டினானாம். தன் குப்பையைச் சுமக்க ஆள் கிடைத்தால் நானும்தான் தட்டுவேன்.

அம்மா ஒழுங்கானவள். ஒவ்வொரு பேக்கிலும் நூலை அறுப்பாள், பின்னைப் பிடுங்குவாள். பழத்தோலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக்கூட நகத்தால் சுரண்டி எடுப்பாள். பிறகு எல்லாவற்றையும் பழைய மிக்ஸியில் போட்டுக் கூழாக அரைப்பாள். அரைத்தால் சீக்கிரம் மக்குமாம்.

முதலில் உரத்துக்காக டிரம்மில் விட்டிருந்த மண்புழுக்கள். ஒரு மத்தியானம் டிரம்மைத் திறந்தேன். மண்ணில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் மூடியின் அடிப்பக்கத்தில் கொத்தாகத் தொங்கின. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, விளிம்பில் இடுக்குத் தேடிக்கொண்டிருந்தன.

“மழை வரப்போகுது, அதான்,” என்றாள் அம்மா.

மழை வரவில்லை.

அடுத்தது மண். உலர்ந்த உரத்தைத் தாம்பாளத்தில் பரப்பி வெயிலில் வைத்திருந்தாள். எடுக்கக் கையை நீட்டினேன். தொடுவதற்கு முன்பே அதன் மேலெல்லாம் மயிர்மயிராக ஏதோ எழுந்து நின்றது. கையை நகர்த்தினேன். கூடவே சாய்ந்தது. காற்று துளியும் இல்லை. சீப்பில் முடி ஒட்டுகிற சங்கதிதான் இது என்று தெரியும். தெரிந்தும் கையை இழுத்துக்கொண்டேன். மக்கிய இலைக்கு அந்தக் குணம் கிடையாது.

கீழே போய் ஒரு டீ பேக்கைக் காலி செய்து, கழுவிக் காயவைத்து, அடுப்பில் காட்டினேன். காகிதம் என்றால் சாம்பலாக வேண்டும். இது சுருண்டு, உருகி, இடுக்கி நுனியில் கறுப்பு மணியாகத் தொங்கியது.

“அம்மா, இது பேப்பர் இல்ல. பிளாஸ்டிக் கலந்திருக்கு.”

“டப்பாவுல பச்சை இலை படம் போட்டிருக்குடி.”

“புலி படம் போட்டா உறுமுமா?”

கீரையும் சோறும் பிசைந்துகொண்டிருந்த அக்கா சிரித்தாள். “விடும்மா. படிச்ச படிப்புக்கு வீட்ல எதையாவது கொளுத்தணும்ல.”

“நீ சிரிக்காத. அரைச்சுப் பொடியாக்கி உனக்குத்தான் ஊட்டிட்டிருக்காங்க.”

“உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?” என்றாள் அம்மா. “ரெண்டு தடவை நான் பட்டது போதாதா?”

“பட்டது அவ.”

அக்கா மெல்லுவதை நிறுத்தினாள். நாக்கு நுனியிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளையாக, முடியைவிட மெல்லிசாக இருந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். அறுபடவில்லை.

“முடியா இருக்கும்,” என்றாள். எங்கள் வீட்டில் யாருக்கும் நரைக்கவில்லை.

நான் மாடிக்கு ஓடினேன். டிரம்மைச் சாய்க்கும்போது அம்மா வந்து கையைப் பிடித்தாள்.

“அடியில கை வைக்காத. அது இன்னும் மக்கல.”

“எது?”

அவள் பிடி தளர்ந்தது. கவிழ்த்தேன்.

மேல்மண் சரிந்த பிறகு அது வழுக்கி வெளியே வந்தது. அரைத்த இழைகளெல்லாம் ஈரத்திலும் சூட்டிலும் பின்னிக்கொண்டு, டிரம்மின் வட்டத்துக்கே ஒரு பையாகப் படிந்திருந்தன. தோல்போல வெளுத்திருந்தது. உள்ளே முளைத்துச் செத்த விதைகளின் வேர்கள் நரம்பாக ஓடின. நடுவில் நீர் கோத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். உடம்புச் சூடு.

“எப்ப பார்த்தே?”

“அவளுக்கு மூணாம் மாசம். தூக்கிப் போடத்தான் எடுத்தேன்.” அம்மா என்னைப் பார்க்கவில்லை. “கை வரலடி. உள்ளயே வெச்சு மூடிட்டேன். நாளானா மக்கிடும்னு நினைச்சேன். ஒவ்வொரு தடவையும் பெருசா இருந்துச்சு.”

படியில் சத்தம் கேட்டது. அக்கா ஏறி வந்து நின்றிருந்தாள். இரண்டு கையும் வயிற்றின்மேல் இருந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு தொட்டி தொட்டியாகக் கீரையைப் பிடுங்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வேரோடும் வெள்ளை இழை வந்தது. நிமிர்ந்தபோது அம்மாவிடம் சொன்னாள்: “இனிமே எனக்கு நீ எதுவும் வளர்க்காத.”

மறுநாள் அந்தப் பையை டீ பேக் வாளியிலேயே போட்டு மூடினேன். எங்கே எறிவது என்று அம்மா கேட்டாள். எறிவதாக இல்லை, கைதட்டினவன் மேஜைக்குத்தான் போகிறது என்றேன். அவளும் வந்தாள். வாளியைத் தர மாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டாள்.

பஸ் குலுங்கும்போதெல்லாம் உள்ளே நீர் புரளும் சத்தம் கேட்டது. அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மட்டும் மூடியைத் தட்டிக்கொண்டே வந்தது, மெல்ல, தூங்கவைப்பதுபோல.