பாண்காரர் எழும்பினாரா?

படத்தில், திருகோணமலைக் கோட்டை வாசலுக்குள் நுழைகிற கார் அடுத்த கணமே நிலாவெளிப் பனைகளுக்கு நடுவே வெளியே வருகிறது. உண்மையில் நடுவே பத்து மைல் கிடக்கிறது. அந்தப் பத்து மைலையும் இன்று காலை வாடகைக்கு ஓடுகிற என் மொறிஸ் மைனரில் ஓட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு பேர் கூப்பிட்டும் ஏற்றவில்லை. "விசர் பிடிச்சிட்டுதோ உங்களுக்கு?" என்று என் மனைவி றோஸ் வாசலில் நின்று கேட்டாள். பைத்தியம் பிடித்துத்தான் இருந்தது.

அறுபத்தைந்தாம் ஆண்டு அந்தப் படத்தை இங்கே எடுத்தபோது, துரத்தல் காட்சியில் முன்னால் ஓடிய காரை ஓட்டியவன் நான். இது றோஸுக்குக்கூடத் தெரியாது. கதாநாயகிக்குக் கார் ஓட்டத் தெரியாது. என் மெலிந்த உடம்பைப் பார்த்த படக் கம்பனிக்காரர் மீசையை வழித்து, சேலை உடுத்தி, முக்காடு போட்டு என்னை ஏற்றிவிட்டார்கள். கமெராவுக்கு இடைஞ்சல் என்று, பின்னால் வருவதைப் பார்க்கிற கண்ணாடியையும் கழற்றினார்கள். "என்ன நடந்தாலும் நிப்பாட்டக்கூடாது" என்றார் டைரக்டர். நான் நிப்பாட்டவில்லை. மறுநாளே கம்பனியோடு கொழும்புக்குப் போய், ஆறு வருஷம் அங்கே கார் ஓடிவிட்டுத்தான் ஊர் திரும்பினேன். படத்தைப் பார்க்கவே இல்லை. திரையில் சேலையோடு இந்த இக்னேசியஸை யாராவது அடையாளம் கண்டால், பிறகு பஸ் ஸ்டாண்டில் தலை நீட்ட முடியுமா?

பதின்மூன்று வருஷம் கழித்துப் போன வாரம் அதை மறுபடி ஓட்டினார்கள். றோஸ் என்னை இழுத்துக்கொண்டு போனாள். நிலாவெளி வளைவில் கார் திரும்புகிறது. குறுகலான ஒழுங்கையிலிருந்து சைக்கிளில் வருகிற பாண்காரர் மீது காரின் பின்பக்கம் தட்டுகிறது. பெட்டி உடைந்து பேக்கரிப் பாண் நாலாபக்கமும் பறக்கிறது. தியேட்டரே சிரித்தது. றோஸும் சிரித்தாள். நான் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். வேஷம் போட்ட ஆட்கள் எல்லோரும் அன்று சந்தைக் காட்சிக்காக நகரத்தில் நின்றார்கள். நிலாவெளியில் ஒருவரும் இல்லை. அப்படியென்றால் இந்த மனுசன் உண்மையாகவே பாண் விற்க வந்தவர். அன்று கார் ஒரு தரம் தட்டுப்பட்டது ஞாபகம் வந்தது. கல் என்று நினைத்தேன். கல் என்று நினைக்கத்தான் எனக்கு விருப்பம். அவர் எழும்பும் முன்பே காட்சி மாறிவிடுகிறது. நாலு தரம் போய்ப் பார்த்தேன். நாலு தரமும் அவர் எழும்பவில்லை.

இன்று நான் போனபோதும் அந்த வளைவில் அதே ஒழுங்கை இருந்தது. முகப்பில் புதிதாய் ஒரு தேத்தண்ணிக் கடை. எதிரே காரை விட்டிறங்கி, அடிபட்ட பாண்காரர் ஒருவரைப் பற்றிக் கேட்டேன். கடைக்கார ஹிஸ்புல்லா விழுந்து விழுந்து சிரித்தான்.

"பொம்புள காரால அடிச்ச மஹ்ரூப் நானாவையா கேக்கிறீங்க? அந்தா, மர வாங்கில குந்தி இரிக்கிறாரு."

உயிரோடு இருக்கிறார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அறுபது வயதுக்காரர்; வலது கால் முழங்காலுக்குக் கீழே கோணிக் கிடந்தது; பக்கத்தில் ஒரு கோல்.

"சிரிக்கட்டும் தம்பி," என்றார் மஹ்ரூப். "பச்சைச் சாரி. முக்காடு. பொம்புளதான் ஓட்டினா. ஊர் விதானையார் போய் விசாரிச்சாரு. நடிகை அண்டைக்குக் கொழும்பில, வேற பொம்புளயே காருல ஏறல்ல எண்டு கம்பனிக்காரன் சொல்லிட்டான். அதோட நான் பொய்யன். அஞ்சு நேரம் தொழுற என்னையக் குடிச்சிட்டு விழுந்தவன் எண்டானுகள். படம் வந்த பொறகும் அது நடிப்பு எண்டானுகள். கால் போனது அல்லாஹ்ட நாட்டம். இந்தப் பொய்யன் எண்ட பேரை ஆருக்கிட்டக் குடுக்கிற?"

படம் கறுப்பு வெள்ளை. சேலை பச்சை என்று திரையைப் பார்த்த ஒருவருக்கும் தெரியாது. அவர் பார்த்திருக்கிறார். அந்த ஒரு கணத்தைப் பதின்மூன்று வருஷமாக நிறம் மாறாமல் வைத்திருக்கிறார். அவர் எழும்பினாரா என்று பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன். இப்படியே திரும்பிப் போனாலும் கேட்க ஆளில்லை.

"நானா, அது நான்தான்," என்றேன். "எனக்குத்தான் சேலை உடுத்தி விட்டவங்கள்."

"உங்களுக்கு மீசை இரிக்கே!" என்று ஹிஸ்புல்லா மறுபடி சிரித்தான். மஹ்ரூப் சிரிக்கவில்லை. கோலை ஊன்றி எழுந்தார். எழும்ப அவருக்கு வெகு நேரம் பிடித்தது.

"காருல ஏறுங்க."

ரோட்டைக் கடந்து போய் ஏறினேன். அவரும் பின்னாலேயே வந்து ஜன்னல் அருகே நின்றார்.

"தோள்ல கிடக்கிற துவாயத் தலையில போடுங்க. இவனுகளும் பாக்கட்டும்."

போட்டேன். ஓரத்தைக் காதுக்குப் பின்னால் செருகக் கைக்கு இன்னும் தெரிந்திருந்தது. அவர் மறுபடி ரோட்டைக் கடந்து, எனக்குப் பின்னால் ஒழுங்கை வாயில் போய் நின்றார். என்ன சொல்லப் போகிறாரோ என்று திரும்பினேன்.

"ரோட்டப் பாருங்க. அண்டைக்கு நீங்க என்னையப் பாக்கல்லத்தானே!"

ரோட்டைப் பார்த்தேன். எதிரே திருகோணமலை பஸ் வந்து நின்றது. ஜன்னல்களில் தலைகள் எட்டின. "உது எங்கட இக்னேசியஸ் அண்ணையெல்லோ!" என்றான் கொண்டக்டர். பஸ் முழுவதும் சிரிப்பு பரவியது.

இந்தக் காரில் கண்ணாடி இருந்தது. அதற்குள் மஹ்ரூப் கோலை ஊன்றி ஊன்றி என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். நான் துவாயை எடுக்கவில்லை.