இருபத்திரண்டு மீட்டர்

விஜயபாஸ்கர் ஆல்ப்ஸ் மலையில் ஒரு சிகரம் ஏறிவிட்டு வந்திருந்தார். துபாயில் நாலு கம்பெனி வைத்திருப்பவர். அந்த மலையை அப்படியே தன் வீட்டு ஹாலில் வைக்க வேண்டுமென்று ஷார்ஜாவில் ஒரு மாடல் ஒர்க்ஷாப்பில் ஆர்டர் கொடுத்தார்.

வேலை ஜெகினிடம் வந்தது. குளச்சல்காரன்; பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. சர்வே படத்தின் உயரக் கோடுகளைப் பார்த்து ஃபோம் ஷீட்டை அடுக்கடுக்காக அறுத்து ஒட்டினான். வடக்கே செங்குத்தான பாறைச் சுவர். கிழக்கே வெடிப்பு வெடிப்பாக இறங்கும் பனியாறு. மேலே தலைகள்போல இரண்டு முகடுகள். முன்தலையிலிருந்து ஓர் ஆள் மட்டும் நடக்கக்கூடிய ஒடுங்கிய விளிம்பு நூற்றைம்பது மீட்டர் ஓடிப் பின்தலையில் ஏறியது. பின்தலைதான் சிகரம், இருபத்திரண்டு மீட்டர் உயரம் கூடுதல். ஐந்து வாரத்தில் அந்த மலையில் அவனுக்குத் தெரியாத பள்ளம் இல்லை.

மாடலைப் பார்க்க விஜயபாஸ்கர் மனைவி நாகவள்ளியோடு வந்தார். கொடி பிடித்து நிற்கும் தன் போட்டோவை நீட்டினார்.

"தம்பி, நான் நின்ன இடத்துல சின்னதா ஒரு கொடி வச்சிருங்க."

ஜெகின் போட்டோவை உற்றுப் பார்த்துவிட்டு, உற்சாகமாக முன்தலையில் விரல் வைத்தான்.

"சார் நின்னது இங்க. உங்களுக்குப் பின்னால தெரியுது பாருங்க, அதுதான் உச்சி. இந்த விளிம்பத் தாண்டிப் போகணும்."

நாகவள்ளி சத்தமாகச் சிரித்துவிட்டாள். "என்னங்க, அப்ப நீங்க உச்சிக்குப் போகவே இல்லையா? அத்தனை பேரக் கூப்பிட்டுப் பார்ட்டி வச்சீங்க!"

விஜயபாஸ்கரும் சிரித்தார். பிறகு சூப்பர்வைசர் பத்திநாதனை வெளியே அழைத்துப் பேசினார். பத்திநாதன் ஜெகினின் ஊர்க்காரர். அவனுக்கு விசா எடுத்துக் கொடுத்தவர்.

திரும்பி வந்த பத்திநாதன் சொன்னார்: "பின்தலைய அறுத்து எறக்கிருலே. முன்னால உள்ளத ஏத்து."

"அண்ணே, சர்வே அளவு..."

"நீ என்னத்துக்குலே வாயத் தொறந்த? அறு."

விஜயபாஸ்கர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஜெகின் அறுத்தான். "இன்னும் கொஞ்சம்" என்றார். மறுபடி அறுத்தான். "இன்னும்." பின்தலை மழுங்கி வெறும் மேடானது. அவனுக்குக் கண் கலங்கியது, தலையைக் குனிந்துகொண்டான். அளவெல்லாம் சரி என்று எழுதிய தாளில் அவனிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். வேலை போகாமல் தப்பியது என்று நினைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை பத்திநாதன் ஒரு கடிதம் கொடுத்தார். விசா கேன்சல். காரணம், சர்வே அளவுகளை மாற்றி மாடல் செய்தது. சாட்சியாகப் பத்திநாதனே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"அறுக்கச் சொன்னது நீங்கதானே அண்ணே?"

"உன் மூஞ்சி இந்த ஊருல இருக்கக்கூடாதுங்காரு. நம்ம கம்பெனிக்குப் பாதி வேலை அவரு குடுக்கதுலே. கலாஸ், முடிஞ்சு போச்சு, விட்டுரு."

"இந்த லெட்டரப் பாத்துட்டு எவன் எனக்கு வேலை தருவான்?"

பத்திநாதன் வாசலில் நின்ற ஒருவரைக் கையசைத்து அழைத்தார். ராமநாதபுரத்துச் சேதுபதி, நாற்பது வயதிருக்கும். அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

"வியாழக்கிழமை உனக்கு ஃபிளைட்டு. அதுக்குள்ள இவருக்கு அடுக்கு அறுக்கச் சொல்லிக் குடுத்துரு."

பத்திநாதன் போன பிறகும் ஜெகின் அசையாமல் நின்றான். சேதுபதி தயங்கித் தயங்கி, "சொல்லித் தாங்க தம்பி. மூணு மாசமா வேலையில்லாம கெடந்தேன்" என்றார்.

ஜெகின் ஒரு ஃபோம் ஷீட்டை எடுத்து மேசைமேல் போட்டான்.