அறுபத்திரண்டு கிராம்

மனைவி படித்து முடித்த புத்தகம் ஒவ்வொன்றும், அதே பதிப்பின் வேறு பிரதிகளைவிட அறுபத்திரண்டு கிராம் கூடுதலாக இருந்தது. பெரிய புத்தகமோ சின்னப் புத்தகமோ, கூடுதல் அதேதான். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை போடும் ஆய்வாளரான அவருக்கு இது தெரியவந்தபோது அவள் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது; குற்றமில்லாத ஏழு தராசுகளுக்கு அவர் கையாலேயே பூட்டும் விழுந்திருந்தது.

இருபத்தாறு வருடம் அவர் காலையில் சட்டைக்கு இஸ்திரி போடுகிற நேரத்தில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கதை வாசித்தாள். எங்கெங்கோ தூர தேசத்துக் கதைகள். அவர் காலர் மடிப்பில் கண்ணாக இருப்பார். நடுவில் நிறுத்தி, "கடைசியா என்ன சொன்னேன்?" என்பாள். அவர் விழிப்பார். "சரிதான், நான் இஸ்திரிப் பெட்டிக்குத்தான் கதை சொல்றேன்" என்று மறுபடி தொடங்குவாள். அவர் சட்டைப் பையிலிருந்து தினமும் விழும், தராசுகளைப் பூட்டும் முத்திரைக் கம்பித் துண்டுகளைப் பொறுக்கி வைத்திருந்து, நிறுத்திய பக்கத்தில் அடையாளமாகச் செருகுவாள். கடைசியாக வாசித்த கதையை மட்டும் அவர் காது கொடுத்துக் கேட்டார், ஏனென்றால் அப்போதே அவள் குரல் மெலியத் தொடங்கியிருந்தது. பனி மூடிய நாட்டில் ஒரு தபால்காரி ஒரே ஒரு கடிதத்தோடு நடந்துகொண்டே இருக்கிறாள். உறைந்த ஆற்றின் கரைக்குத் தபால்காரி வந்து சேர்ந்த இடத்தில் வாசிப்பு நின்றது; வீட்டு வாசலுக்கு ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர் கேட்டார், "அவ ஆத்தைத் தாண்டினாளா?" "முந்திரிக்கொட்டை மாதிரி அவசரப்படாதீங்க. நானும் இன்னும் படிக்கல. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து படிப்போம்" என்றாள். பதினோராம் நாள் அவர் மட்டும் வீட்டுக்குப் போனார்.

அலமாரியைப் பார்க்கப் பொறுக்காமல், அந்த வாரமே பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு அத்தனையையும் அள்ளிக்கொண்டு போகச் சொன்னார். மறுநாள் வந்த கொழுந்தியாள் வெற்று அலமாரியின் முன் நின்று கேட்டாள்: "அக்கா வாசிச்சிட்டு இருந்தாளே, அது என்ன புக்கு அத்தான்?" அவருக்குப் பெயர் தெரியவில்லை. எழுதியவர் தெரியவில்லை. அட்டையின் நிறம்கூட நினைவில் இல்லை. "இருபத்தாறு வருஷம் அவ பக்கத்துல நின்னீங்களா, இல்ல சட்டைய மாட்டி வெச்சிருந்தாளா?" என்று கேட்டுவிட்டுக் கொழுந்தியாள் அழுதாள். அன்று முதல் அவருக்கு இருந்த வேலை ஒன்றுதான்: அந்தத் தபால்காரி என்ன ஆனாள் என்று தெரிந்துகொள்வது.

வேலை அவரை ஊர் ஊராக அனுப்பியது. போன ஊரிலெல்லாம் பழைய புத்தகக் கடையை விசாரித்தார். தண்ணீர் வற்றிய நீச்சல் குளம் ஒன்றில் கடை இருந்தது. ஏணியில் இறங்க வேண்டும். ஆழமில்லாத பக்கம் குழந்தைப் புத்தகங்கள், பன்னிரண்டடிப் பக்கம் நாவல்கள். கடைக்காரர் அந்தக் குளத்திலேயே நீச்சல் சொல்லிக் கொடுத்தவர்; கடை சாத்தும் நேரம் ஆனால் விசில் ஊதுவார். இன்னொரு கடை ஓடாத படகில் இருந்தது. அலை வந்தால் கவிதையெல்லாம் ஒரு பக்கமாகச் சரியும். வேறொன்றில் வாடிக்கையாளர்கள் பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்து, தலைக்கு மேலிருந்த விளக்கை இழுத்துவைத்துப் படித்தார்கள். "தபால்காரி, பனி, ஆறு" என்று எல்லா இடத்திலும் கேட்டார். பெயர் தெரியாத புத்தகத்தை யாராலும் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அந்தக் கடைகளிலெல்லாம் புத்தகத்தை எடை போட்டுத்தான் விற்றார்கள். ஆகவே அவர் வந்த காரியம் கைகூடாத ஏமாற்றத்தோடு, கடமையைச் செய்தார்.

அவருடைய சோதனை பேர்போனது. பித்தளைக் கற்களை வைத்துப் பார்ப்பார். தராசு சரியாகக் காட்டும். பிறகு ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகளை அட்டையைக்கூடப் பார்க்காமல் எடுத்து ஒவ்வொன்றாக வைப்பார். நீச்சல் குளத்தில் முதன்முதலாக அறுபத்திரண்டு கிராம் வித்தியாசம் வந்தது. "கல்லுக்கு நல்ல பிள்ளை, சரக்குக்குத் திருடன். இந்த வித்தையெல்லாம் நான் பாத்தாச்சு" என்று தராசைக் கம்பி சுற்றிப் பூட்டினார். "சத்தியமா தராசு நல்ல தராசு சார். புத்தகம்தான் கனமா இருக்கு" என்றார் நீச்சல்காரர். "அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க" என்று அவர் நோட்டீஸ் எழுதிக் கொடுத்துவிட்டு ஏணியேறினார். படகிலும் பல் நாற்காலிக் கடையிலும் இன்னும் நாலு ஊர்களிலும் இதே கதைதான் நடந்தது.

எட்டாவது கடை ஒரு பழைய சலூன். அதை நடத்திய முடிதிருத்துநர் வாடிக்கையாளரிடம் புத்தகத்தைக் காட்டும்போது, பழக்க தோஷத்தில், பின்னட்டையைக் கண்ணாடி பிடித்துக் காட்டுவார். அவரிடம் இருந்தது இரண்டு தட்டுத் தராசு. மின்சாரம் இல்லை, பொத்தான் இல்லை, தில்லுமுல்லுக்கு இடமும் இல்லை. ஆய்வாளர் தட்டுக்கு ஒன்றாக ஒரே நாவலின் இரண்டு பிரதிகளை வைத்தார். ஒரு தட்டு இறங்கியது. தட்டுகளை மாற்றிப் போட்டார். அதே பிரதி இறங்கியது. "சார், இவ்வளவு நேரமா நிறுத்துப் பாக்கறீங்க. ஒரு தடவை பிரிச்சுப் பாக்கலாமே" என்றார் முடிதிருத்துநர். பிரித்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு முத்திரைக் கம்பித் துண்டு இருந்தது. அவர் சுழலும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முடிதிருத்துநர் அவர் கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியைப் போர்த்தினார். அழுகிறவருக்கு வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கடை அலமாரியில் அவளுடைய இன்னொரு புத்தகமும் அகப்பட்டது. பிடிக்காமல் கால்வாசியில் விட்டது. கம்பியும் அங்கேதான் இருந்தது. அதில் கூடுதல் பதினைந்து கிராம்தான். படிக்காத பக்கங்களில் எடை ஏறவில்லை.

ஏழு ஊர்களுக்கும் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டுத் தராசுகளின் கம்பியை அவிழ்த்தார். ஆறு கடைகளில் அந்தப் புத்தகங்கள் எப்போதோ விற்றுப்போயிருந்தன. அவர் கையில் எடுத்து, நிறுத்து, கீழே வைத்துவிட்டு வந்த புத்தகங்கள். கடைசியாக நீச்சல் குளத்துக்கு இறங்கினார். "நீங்க குத்தம் சொன்ன சரக்கை நான் எப்படி சார் விப்பேன்? சாட்சிக்கு இருக்கட்டும்னு வெச்சிருக்கேன்" என்று நீச்சல்காரர் கயிற்றில் கட்டிய இரண்டு பிரதிகளைக் கொண்டுவந்தார். மேலே ஆய்வாளரின் கையெழுத்திலேயே நோட்டீஸ்: வித்தியாசம் 62 கிராம். கனமான பிரதி நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் தானாகத் திறந்தது. கம்பித் துண்டு. உறைந்த ஆறு. கரையில் தபால்காரி.

மொத்தம் இருநூற்று இருபத்து நான்கு பக்கம். தொழில் புத்தி, மனம் கேட்கும் முன்பே கணக்குப் போட்டது: இதுவரைதான் படித்திருந்தால் நாற்பது கிராமுக்குமேல் வராது. நோட்டீஸில் தப்பாக எழுதியிருப்போம் என்று அவிழ்த்த தராசில் மறுபடி வைத்தார். அறுபத்திரண்டு. மூன்று முறை வைத்தார். அறுபத்திரண்டு. அவள் கடைசிப் பக்கம்வரை படித்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே, அவர் அலுவலகம் போன ஏதோ ஒரு பகலில், சேர்ந்து படித்து முடிக்க நேரம் இருக்காது என்று தெரிந்து தனியாகப் படித்து முடித்துவிட்டு, கம்பியை மட்டும் இருவரும் சேர்ந்து நிறுத்திய இடத்திலேயே வைத்திருந்தாள்.

அவர் பன்னிரண்டடி ஆழத்தில் உட்கார்ந்து மிச்சத்தை வாய்விட்டு வாசித்தார். குளம் அவர் குரலை எடுத்து எதிர்ச்சுவரிலிருந்து திருப்பிக் கொடுத்தது. கடை சாத்தும் நேரம் வந்தும் நீச்சல்காரர் விசில் ஊதவில்லை. தபால்காரி ஆற்றைத் தாண்டவில்லை. படித்து முடித்ததும் ஆய்வாளர் கம்பியை எடுத்து, நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்திலேயே திரும்பச் செருகினார்.

இப்போது அவர் பித்தளைக் கற்களோடு அந்த இரண்டு பிரதிகளையும் பையில் எடுத்துப் போகிறார். கல்லைச் சரியாகக் காட்டினால் மட்டும் போதாது. அந்த அறுபத்திரண்டு கிராமையும் கூட்டிக் காட்டாத தராசுக்கு அவர் முத்திரை போடுவதில்லை. சுற்றியுள்ள ஊர்களில் ஒரு கடைக்காரரும் இதுவரை ஆட்சேபிக்கவில்லை. ஏனென்றால் எல்லாத் தராசும் காட்டுகின்றன.